தோரெஸின் அச்சும் கிரனாதாவின் கையும்

ஸ்பெயினின் கிரனாதா நகரில் பிளாசா நுவேவாவிலிருந்து அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு ஏறும் குவெஸ்தா தெ கோமேரெஸ் என்ற சரிவுத் தெரு, கிட்டார் பட்டறைகளுக்குப் பெயர்போனது. பெரிய ஆலை எதுவும் அங்கே இல்லை. ஒரு கைவினைஞர், மிஞ்சினால் கூட ஓர் இளையவர், அவ்வளவுதான் ஒரு பட்டறை. இந்தக் கைவேலை முறையை உலகமே கொண்டாடுகிறது. கொண்டாடத் தக்கதுதான். ஆனால் அந்தக் கொண்டாட்டம் சில குறைகளை மறைத்தும் விடுகிறது.

வேலை சொலேராவில் தொடங்குகிறது. கிட்டார் வடிவில் வெட்டிய வேலைப்பலகை அது. நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். மேற்பலகையை அதன்மேல் கவிழ்த்து வைப்பார்கள். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்த ஸ்ப்ரூஸ் பலகையின் உட்புறத்தில், விசிறி விரித்தாற்போல் மெல்லிய சட்டங்களை ஒட்டுவார்கள். கழுத்தின் அடிக்கட்டையில் இருபுறமும் அறுத்த பள்ளங்களில் பக்கப் பலகைகளைச் செருகுவார்கள். பக்கமும் மேற்பலகையும் சேரும் மூலை நெடுக, விரல்நுனி அளவுள்ள சின்னக் கட்டைகளை வச்சிரப் பசை தடவி ஒவ்வொன்றாக அமர்த்துவார்கள். ஒன்று பற்றும்வரை அழுத்திப் பிடித்திருந்த பிறகே அடுத்தது. தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் ஏறத்தாழ 40 கிலோ விசையை இந்த மெல்லிய கூடு தாங்க வேண்டும். தாங்கிக்கொண்டே அதிரவும் வேண்டும்.

இங்கேதான் கைவேலையின் உண்மையான பெருமை இருக்கிறது. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்பில் இருப்பதில்லை. இயந்திரம் இரண்டையும் ஒரே தடிமனுக்குச் சீவிவிடும். கைவினைஞரோ பலகையை இரு கையாலும் வளைத்துப் பார்க்கிறார், தட்டிக் கேட்கிறார், இன்னும் ஒரு சீவல் எடுக்கலாமா என்று அந்தப் பலகையைப் பார்த்து முடிவெடுக்கிறார். இன்றைய கிட்டாருக்கு வடிவம் தந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892), தன் ரகசியம் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் இருப்பதாகவும் அதை விட்டுச் செல்ல வழியில்லை என்றும் சொன்னதாக, அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அழகான செய்திதான். ஆனால் விரலில் இருக்கும் அறிவு, பக்கத்தில் நின்று பார்க்க இடம் கிடைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். தந்தையிடமிருந்து மகனுக்கு, சிற்றப்பாவிடமிருந்து அண்ணன் மகனுக்கு என்று அது நகர்கிறது. பட்டறைப் பெயர்ப்பலகைகளில் பெண் பெயர் அரிது. உழைத்தவர் பெயரும் பல நேரம் மறைந்துவிடும். கிட்டார் கலைஞர் செகோவியா வாசித்துப் புகழ்பெற்ற 1912ஆம் ஆண்டு கிட்டார் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் மாட்ரிட் பட்டறை உரிமையாளர் மனுவேல் ராமிரெஸின் பெயர். செய்த கை அங்கே வேலை பார்த்த சாந்தோஸ் எர்னாந்தெஸுடையது என்று கருதப்படுகிறது.

இதைவிடப் பெரிய குறை, தோரெஸை வழிபடும் விதம். அவர் நிலைநிறுத்திய 65 சென்டிமீட்டர் தந்தி நீளமும் விசிறிச் சட்டங்களும் இன்றும் அளவுகோல். அவரது துணிச்சலை மட்டும் யாரும் அளவுகோலாக எடுப்பதில்லை. 1862இல் அவர் பக்கங்களையும் பின்புறத்தையும் காகித அட்டையால் செய்து, நல்ல மேற்பலகை மட்டும் வைத்து ஒரு கிட்டார் கட்டினார். ஒலியைத் தீர்மானிப்பது மேற்பலகையே என்று காட்டத்தான் அது. பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அதை இன்றும் பார்க்கலாம். அப்படியிருந்தும் உயர்ந்த கிட்டார் என்றால் பின்பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அந்த மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அதைக் காக்கவும் தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்பலகை மரம் மட்டும் வேறுபட்ட கிட்டார்களை, மரம் தெரியாதபடி வாசிப்பாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். விலையுயர்ந்த மரத்துக்குத் தனிச் சிறப்பு எதுவும் தெரியவில்லை. அவை எஃகுத் தந்திக் கிட்டார்கள் என்பது உண்மையே. ஆனாலும் தோரெஸின் அட்டைப் பெட்டி சொன்னதும் ஏறத்தாழ இதைத்தான்.

பழையதைக் கைவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் கார்பன் இழை சேர்த்த வலைச் சட்டங்களால் உரத்த கிட்டார்களைக் கட்டினார். கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் அவற்றை மேடையேற்றினார். பெரிய அரங்குக்கு அது தேவைதான். ஆனால் வலக்கையை ஒலித்துளையிலிருந்து தந்திப்பாலம் நோக்கி நகர்த்தும்போது ஸ்பானியக் கிட்டாரின் குரல் குழைவிலிருந்து கூர்மைக்கு மாறுகிறதே, அந்த வேறுபாடு இவற்றில் குறைவு என்பது என் தீர்ப்பு. கிரனாதாவும் முழுக்கக் கதவடைத்த ஊரல்ல. பாரிஸ் ஓவியரும் கிட்டார் கைவினைஞருமான ராபர்ட் பூஷே 1970களில் அங்கே வந்தபோது, அவ்வூர்க் கைவினைஞர் அந்தோனியோ மரின் அவருடன் சேர்ந்து வேலை செய்து, அவரது சட்ட அமைப்பைத் தன் கிட்டார்களில் கையாண்டார். ஊரின் பெயர் அதனால் கெடவில்லை, உயர்ந்தது.

பழி கைவினைஞரை மட்டும் சேராது. வாங்குபவர் ரோஸ்வுட் கேட்கும்வரை அவர் அதைத்தான் தேடுவார். தோரெஸே பல கிட்டார்களைச் சைப்ரஸ் மரத்தில் செய்தவர். ஸ்பெயினிலேயே வளரும் அந்த மரத்தைப் பிளமெங்கோ இசைக்கான கிட்டார்களுக்கு மட்டும் ஒதுக்கிவைக்கக் காரணமில்லை. நல்ல கிட்டார் வாங்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: என்ன மரம் என்று கேட்கும் முன் கண்ணை மூடி வாசித்துப் பாருங்கள்; எதிரே வைக்கும் கிட்டார்களில் ஒரு சைப்ரஸும் இருக்கட்டும்.