தண்ணீர் கேட்கப் போனவர்

பயணத்தில் தற்செயலாகச் சந்தித்த ஒருவரை விவரித்து, முடிவில் ஒரு ஞானப் பாடத்தை எடுத்துவைக்கும் கட்டுரைகள் நம்மிடையே மலிந்துவிட்டன. அடியேனும் அவ்வாறு எழுதியவனே. தால்ஸ்தாய் 1885-ஆம் ஆண்டில் எழுதிய ‘இரு முதியவர்கள்’ என்னும் கதையை அண்மையில் மீண்டும் வாசித்தபோது, அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கே ஐயம் எழுந்தது.

எபிம், எலிசா என்னும் இரு ரஷ்யக் குடியானவர்கள் பழைய நேர்ச்சை ஒன்றை நிறைவேற்ற எருசலேமுக்கு நடக்கின்றனர். விளைச்சல் பொய்த்த உக்ரைன் ஊர் ஒன்றில், தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எலிசா ஒரு குடிசைக்குள் நுழைகிறார். உள்ளே ஒரு குடும்பமே பசியால் செத்துக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் கதையின் முகப்பில் யோவான் நற்செய்தியின் சமாரியப் பெண் பகுதியை வைத்திருப்பது வீணன்று. அங்கும் வழிநடந்து களைத்த ஒருவரின் தாகத்திலிருந்தே எல்லாம் தொடங்குகிறது.

எலிசா உடனே மனமுவந்து தங்கிவிடவில்லை என்பதுதான் கதையின் உயிர். ஒவ்வொரு நாளும் புறப்படவே எண்ணுகிறார். ஓரிரவு கனவில், வாயிலைக் கடக்கும்போது ஒருபுறம் பை சிக்கிக்கொள்கிறது. மறுபுறம் கால்துணி மாட்டிக்கொள்கிறது. விடுவிக்கக் குனிந்தால், பிடித்திருப்பது வேலியன்று. ‘தாத்தா, ரொட்டி’ என்று கேட்கும் சிறுமி! விழித்தெழுந்தவர் அடகிலிருந்த நிலத்தை மீட்கிறார். குதிரையும் பசுவும் வாங்கித் தருகிறார். தேன்கூடுகளை விற்றும் வீட்டில் திரட்டியும் கொண்டுவந்த நூறு ரூபிளில் மிஞ்சியது பதினேழு ரூபிளும் இருபது கோபெக்கும். கடல் கடக்க அது போதாது. அனைவரும் உறங்குகையில் வெளியேறி வீடு திரும்புகிறார்.

எபிமுக்கும் வழித்துணையாக ஒருவர் வாய்க்கிறார். அவரோடு உண்டு உறங்கியும் எபிமுக்குக் கிட்டியது சந்தேகமே. திருக்கல்லறையருகில்கூடக் கை பணப்பையைத் தடவிக்கொண்டிருக்கிறது. சந்திப்பு தன்னளவில் எவரையும் மாற்றுவதில்லை என்பதை இத்துணை அமைதியாகச் சொன்ன வேறு கதையை நான் அறியேன்.

திருப்பயணங்களுக்கு எதிரான கதை இது என்பாரும் உளர். ஆசிரியரை ரஷ்யத் திருச்சபை 1901-இல் விலக்கிவைத்தது உண்மையே. ஆயினும் இக்கதை புனித இடத்தைப் பழிக்கவில்லை. வராத எலிசாவை எபிம் மும்முறை காண்பது திருக்கல்லறையின் விளக்குகளுக்கு அடியில்தானே!

பல ஆண்டுகளுக்கு முன், பங்கு மக்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்துசென்றபோது, வழியோரத் திண்ணையில் காய்ச்சலோடு முனகிய முதியவர் ஒருவரைக் கண்டேன். கையில் சிறிது பணம் வைத்துவிட்டு, மாலைத் திருப்பலிக்கு நேரமாகிறதென்று நகர்ந்தேன். அடுத்த ஞாயிறு மறையுரையில் அவரை உருக்கமாக எடுத்துக்காட்டினேன். பலர் கண் கலங்கினர். அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. எலிசாவோ, தாம் சந்தித்தவர்களைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை. பணம் தொலைந்தது, துணைவரைத் தவறவிட்டேன் என்று வீட்டாரிடம் சொல்லித் தேனீக்களைப் பார்க்கப் போய்விடுகிறார்.

குறை ஒன்று உண்டு. திரும்பிவந்த எபிம் அந்தக் குடிசையைப் பற்றிப் பேச்செடுக்க, எலிசா பதறிப் பேச்சை மாற்றுகிறார். அத்தோடு நின்றிருக்கலாம். தால்ஸ்தாய் நீதியொன்றை வெளிப்படையாகச் சேர்த்துவிட்டார். எங்கள் இளைஞர் கூட்டத்தில் இக்கதையை வாசிக்கும்போது, அந்த இறுதி வரிகளுக்குமுன் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.