வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி

பொட்டிப்புரம் என்றதும் பலருக்கு நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் நினைவுக்கு வரும். கேமராக்காரருக்கு அந்தப் பக்கத்து வானமே பெரிய ஈர்ப்பு. தென்மேற்குப் பருவத்தில் மலை முகட்டைத் தாண்டி மேகங்கள் விரைந்து வரும். அடிவாரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த விரைவைப் பட்டப்பகலில் படமாக்கித் தருவது என்.டி. ஃபில்டர்.

லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் சாம்பல் நிறக் கண்ணாடி அது. நிறம் எதையும் மாற்றாமல் ஒளியை மட்டும் குறைப்பதே அதன் அழகு. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16 வைத்தால், நல்ல வெயிலுக்கு 1/125 நொடி போதும். 10 ஸ்டாப் ஃபில்டர் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். ஷட்டர் 8 நொடி திறந்திருக்கலாம். மேகம் பஞ்சிழையாய் நீளும்; மலை கூர்மையாக நிற்கும்.

சுருளி அருவியின் நிழலில் 3 ஸ்டாப்பே பல நேரம் போதும்; அரை நொடியில் நீர் நூல்நூலாய் இறங்கும். கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்கு வெளியே, உச்சி வெயிலில் விவசாயியின் முகத்தை எஃப் 2-இல் எடுக்கவும் அதே ஃபில்டர் உதவும்: 1/6400 கேட்கும் ஷட்டர் 1/800-க்கு இறங்கும், பின்னணி மென்மையாகக் கரையும்.

அடர்ந்த ஃபில்டர் என்றால் முதலில் ஃபிரேமும் ஃபோகஸும், பிறகு கண்ணாடி. பள்ளத்தாக்குக் காற்று பலமானது. ட்ரைபாடில் கனமான பையைத் தொங்கவிடுவது நல்லது.

நண்பகல் படத்துக்கு ஆகாது என்பார்கள். இந்தக் கண்ணாடி கையிலிருந்தால் நண்பகலும் நல்ல நேரமே.