பிச்சாட்டூர் வெயிலில் பெரணி

இலங்கை மலையகத்தில் பெரணி வளர்ப்பதை யாரும் பெரிய வித்தையாகச் சொல்வதில்லை. சிங்கோனா பயிருக்காக 1861இல் தொடங்கிய ஹக்கலப் பூங்காவைச் சுற்றிய காட்டில் மரப்பெரணி தானாகவே முளைக்கிறது. வீட்டில் தேங்காய் மட்டைத் துண்டும் உடைந்த செங்கல்லும் போட்டு நட்டால் போதும். மழையும் மூடுபனியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

குளிர் ஊர், அதனால் வளர்கிறது என்பார்கள் நம் பக்கத்தில். பாதிதான் சரி. 1821இல் உருவான பேராதனைப் பூங்கா அவ்வளவு உயரத்தில் இல்லை, குளிரும் இல்லை; அங்கும் பெரணிகள் தழைக்கின்றன. பல பெரணிகளுக்கு எதிரி சூடல்ல, காய்ந்த காற்று. சித்திரை, வைகாசியில் நம் பிச்சாட்டூரில் அடிக்கும் அனல்காற்றுக்கு முன் ஆரணியாற்று அணை பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

அதனால் இங்கே ஈரக் காற்றை டப்பாவுக்குள் அடைக்க வேண்டும். பறவைக்கூட்டுப் பெரணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குருத்துள்ள செடி, பிரித்து நட முடியாது, வித்துத்தூள்தான் வழி. இலையின் முதுகில் பழுப்புக் கோடுகள் முற்றியதும் ஒரு துண்டு வெட்டி, வெள்ளைத் தாளில் மடித்து வையுங்கள். ஓரிரு நாளில் காப்பிப்பொடி நிறத்தில் தூள் கொட்டியிருக்கும். தாளைச் சாய்த்து மெல்லத் தட்டினால் சக்கை முதலில் உருளும். ஒட்டி நிற்பதுதான் வித்து. கொதிநீர் ஊற்றி ஆறவைத்த தென்னைநார்த் தூளை டப்பாவில் நிரப்பி, வித்தைத் தூவி மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள். சில வாரங்களில் பச்சைப் படலம், பிறகு நகக்கண் அளவு இதய வடிவத் தகடுகள். அந்தக் கட்டத்தில் தண்ணீர் தெளிக்காவிட்டால் எல்லாம் வீண்: ஆணணு நீந்திப்போய்ச் சேர ஈரம் வேண்டும். உப்புக்கறை படியும் போர் தண்ணீர் ஆகாது, பிடித்துவைத்த மழைநீரே நல்லது. ஐப்பசியில் தொடங்கினால் கோடைக்குள் சிறு இலைகள் வந்துவிடும்.

இலங்கையின் சுலபத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கேட்டவுடன் கிடைக்கும் இடத்தில் வித்து போட யாருக்குப் பொறுமை? சயாத்தியா கிரினிட்டா என்ற மரப்பெரணி இலங்கையிலும் உண்டு, பழனி மலையிலும் உண்டு. நம் பக்கம் அது அருகிப்போனதால், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி ஆய்வகத்தில் வித்திலிருந்தே வளர்த்தார்கள். தட்டுப்பாடு கற்றுக்கொடுத்த முறை அது.

பிச்சாட்டூர் வீட்டுக்கு மரப்பெரணி ஒத்துவராது, ஆசைப்பட வேண்டாம். சயாத்தியா பேரினம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது; மலையிலிருந்து பெயர்த்த அடிமரத்தை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.