கோலத்தைத் தொலைத்த கணிமைக் கோட்பாடு

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிக் கொடுக்கும்போது கணிமைக் கோட்பாடு (டிஓசி) எதற்கு என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். பாடத்துக்கு ஆதரவாகப் பேசுபவர்களோ, "டிஓசி மதிப்பெண் அள்ளலாம், கேட் தேர்விலும் வரும்" என்கிறார்கள். ஒரு பாடத்துக்கு இதைவிட மெலிந்த வக்காலத்து இருக்க முடியாது.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பெரிய குறை இல்லை. ஆட்டோமேட்டாவில் தொடங்கி, எந்தக் கணினியாலும் தீர்க்க முடியாத கேள்விகளில் முடியும் ஐந்து அலகுகளும் முறையானவை. ஹாப்கிராஃப்ட், மோட்வானி, உல்மன் எழுதிய பாடநூல் உலகமே படிப்பது. ஆட்டோமேட்டாவை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கணக்குகளைக் கையால் போட்டுப் பழகியவர் கம்பைலர் பாடத்தில் திணறமாட்டார்.

கோளாறு எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. வகுப்பில் முதல் நாள் வருவது 'ஏ', 'பி' என்ற இரண்டு எழுத்துகள். கடைசி நாள் வரை வருவதும் பெரும்பாலும் அவைதான். 13 மதிப்பெண் வினா, ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருக்கக்கூடிய என்எஃப்ஏவை, ஒரு நேரத்தில் ஒரே நிலையில் இருக்கும் டிஎஃப்ஏவாக மாற்றச் சொல்கிறது. ஏன் மாற்ற வேண்டும் என்று அது கேட்பதில்லை. கேட்காததால் யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை.

அந்த 'ஏன்' வகுப்புக்கு வெளியே எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2019 ஜூலை 2 அன்று இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வலையமைப்பு ஏறக்குறைய 27 நிமிடம் முடங்கியது. பாதுகாப்பு விதி ஒன்றில் மோசமாக எழுதப்பட்ட ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துத் தொடர்களைத் தேடும் வடிவம்), பின்வாங்கிப் பின்வாங்கித் தேடிச் செயலிகளின் திறன் முழுவதையும் விழுங்கிவிட்டது. ரெகுலர் எக்ஸ்பிரஷனை என்எஃப்ஏவாக்கி, அதன் எல்லா நிலைகளையும் ஒருசேரப் பின்தொடர்ந்தால் அப்படித் தேட வேண்டியதே இல்லை. கணினி அறிவியலாளர் கென் தாம்சன் 1968-லேயே அதற்கு வழி காட்டிவிட்டார். தாளில் நூறு என்எஃப்ஏ மாற்றிய மாணவருக்கு இந்தத் தொடர்பு தெரியாமல் போனால், பழி மாணவருடையது அல்ல.

இதைவிடப் பெரிய இழப்பு நம் வாசலிலேயே கிடக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், அவர்களுடன் கமலா கிருத்திவாசனும் 1970-களில் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். எழுத்துச் சரத்துக்குப் பதிலாக இரு பரிமாண அணிகளை விதிப்படி மாற்றி எழுதும் அணி இலக்கணம் அது. சிறு கோலம் எந்த விதியால் பெரிய கோலமாக வளர்கிறது என்பதை அது சொன்னது. அவர்களது கோலக் கட்டுரை 1974-ல் பன்னாட்டு ஆய்விதழில் வெளியானது. பிறகு வெளிநாட்டு ஆய்வாளர்களும் கோலத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த மரபில் வந்த கே.ஜி. சுப்பிரமணியன் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு செய்தார்.

தமிழர் உருவாக்கிய இந்தக் கோட்பாடு தமிழ்நாட்டின் இளநிலைப் பாடத்திட்டத்துக்குள் நுழையவில்லை. கோலம் தமிழ்நாட்டோடு நிற்பதும் இல்லை. மலேசியாவின் சிகாமட்டில் தீபாவளிக்குக் கோலம் போட்டு வளர்ந்த பெண், கணினி அறிவியல் படிக்கப் போகும்போது அவள் கைக்குப் பழகிய விதிகளையே இலக்கணம் என்று காட்ட ஆசிரியரால் முடியும். புள்ளி எத்தனை, இழை எங்கே திரும்பும், அடுத்த அளவுக்கு எப்படிப் பெருகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளிடம் போய் 'ஏ', 'பி' என்று மட்டும் ஓதுவது கற்பித்தலே அல்ல. நேரமில்லை என்ற சமாதானமும் எடுபடாது. பம்பிங் லெம்மாவை மனப்பாடம் செய்யவைக்க நேரம் கிடைக்கிறதே!

அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளின் பகுதி 'சி'யில் 15 மதிப்பெண்ணுக்கு ஒரு வினா இருக்கிறது. அடுத்த பருவத்திலேயே அங்கே ஒரு கோலத்தை அச்சிட்டு, அதை வளர்க்கும் விதிகளை எழுதச் சொல்லலாம். கேள்வி மாறினால் வகுப்பும் மாறியே தீர வேண்டும்.