வேலியும் இலந்தை மரமும்

ஹிஜ்ரி 150ஆம் ஆண்டை மார்க்கக் கல்வி பயின்றோர் மறப்பதில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மறைந்ததும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) பிறந்ததும் அவ்வாண்டிலேதான். கி.பி. 767ஆகிய அதே ஆண்டில், சீனத்தில் யாங்ட்ஸி ஆற்றங்கரையிலுள்ள குவெய்ஜோ நகரில், நோயால் தளர்ந்த தூ ஃபூ என்னும் கவிஞர் எட்டே அடிகளில் ஒரு கவிதை யாத்தார். இலந்தைப் பழம் பறிக்கும் ஏழைக் கைம்பெண் ஒருத்தியே அதன் பொருள்.

712இல் பிறந்த தூ ஃபூ, அரசுத் தேர்வில் தோல்வியுற்றவர். 755இல் ஆன் லூஷான் என்னும் படைத்தலைவனின் கலகம் நாட்டை உலுக்கிற்று. அவ்வாண்டே கவிஞரின் பச்சிளம் மகன் பசியால் மாண்டான். பின்னர்ச் சிலகாலம் அரசுப் பணி புரிந்து, அதனையும் துறந்து, குடும்பத்தோடு ஊர் ஊராய் அலைந்து, 770இல் மறைந்தார். அவருடைய கவிதைகளில் ஏறத்தாழ 1,400 இன்றும் கிடைக்கின்றன.

குவெய்ஜோவில் அவர் வீட்டு முன்றிலில் நின்ற இலந்தை மரத்தில் அண்டை வீட்டுக் கைம்பெண் பழம் உதிர்த்துக்கொள்வாள். கவிஞர் தடுத்ததில்லை. பின்பு அவ்வீட்டை வூ என்னும் உறவினருக்கு விட்டு வேறிடம் பெயர்ந்தார். வூ வேலியிட்டார். அதைக் குறித்து அவருக்கு எழுதிய மடலே இக்கவிதை.

இதன் சிறப்பு, கேட்கும் பாங்கில் இருக்கிறது. உறவினரைக் கவிஞர் கடிந்துரைக்கவில்லை. புதியவரைக் கண்டு அவள் அஞ்சுவது மிகைதான் என ஒப்புகிறார். ஆனால் வேலி அவ்வச்சத்தை மெய்யாக்கிவிடுகிறதே என்கிறார். இதனால் அவள் மானமும் காக்கப்பட்டது, வூவின் மானமும் காக்கப்பட்டது. இறுதியில் வரிச்சுமையையும் போரையும் சுட்டி, அவ்வறுமை அவள் குற்றமன்று என உணர்த்துகிறார்.

அடிக்கு ஏழெழுத்து, ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு விதி, நடு நான்கடிகளில் சொல்லுக்குச் சொல் இணை என்னும் கடுமையான யாப்பு இது. இதனை இலந்தைப் பழ வழக்கொன்றுக்குச் செலவிடலாமா என்று வினவலாம். அரசவைப் பெருமக்களைப் பாடிய யாப்பையே ஆதரவற்ற பெண்ணுக்கும் அளித்தது அவளுக்குச் செய்த மரியாதை என்பதே நம் விடை.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டித் தருமத்தைப் பாழாக்கலாகாது என்பது திருமறையின் போதனை. அதனை நாள்தோறும் ஓதும் நாம், கொடுத்தோமா என்பதோடு அமையாமல், பெறுபவர் அஞ்சாமல் பெறுமாறு கொடுத்தோமா என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வாயிலில் ஏழையைக் காக்க வைப்பதும் ஒரு வேலியே.