ஊர் சுற்றுகிறவள்

என் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பௌர்ணமி இரவுகளில் இங்கே தூக்கம் கிடையாது. 14 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு நடக்கிற பெண்கள் விடிய விடியப் போய்க்கொண்டே இருப்பார்கள். பாட்டிகள், இடுப்பில் பிள்ளையோடு வருகிறவர்கள், மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள். பெண்ணுடம்பு இவ்வளவு தூரம் தாங்குமா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

42 வயதில் நான் ஒரு சைக்கிள் வாங்கினேன். காலை ஐந்து மணி, அதே பாதை, அதே 14 கிலோமீட்டர். மூன்றாம் நாள் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "என்னாங்க மேடம், ஸ்கூட்டி ரிப்பேரா?" "இல்லைங்கண்ணா, சும்மாதான்" என்றேன். அந்தப் பதில் அங்கே செல்லுபடியாகவில்லை. வாரக் கடைசியில் அம்மாவிடமிருந்து போன் வந்தது: "எதுக்குடி ஊர் சுத்துற?"

ஊர் சுற்றுகிறான் என்று ஆணைச் சொன்னால் அதில் பாதி செல்லக் கோபம். பெண்ணைச் சொன்னால் அது அவள் ஒழுக்கத்தின் மேல் எழுதப்படும் தீர்ப்பு. கோயிலைச் சுற்றலாம், அரச மரத்தைச் சுற்றலாம், மலையைச் சுற்றலாம். அதற்கு 'வலம்' என்று மரியாதையான சொல் இருக்கிறது. வேண்டுதல் இல்லாத சுற்றுக்குத்தான் பெயர் இல்லை.

இந்தக் கேள்வியோடுதான் பலகட்ட சைக்கிள் பந்தயங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பிரெஞ்சில் 'டூர்', இத்தாலிய மொழியில் 'ஜிரோ'. இரண்டுக்கும் நம்முடைய சொல் 'சுற்று'. 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸும் 1909இல் தொடங்கிய ஜிரோ டி இத்தாலியாவும் ஒரு நாட்டையே சுற்றுகிற பந்தயங்கள். இன்று ஆண்களுக்கு 21 கட்டங்கள், மூன்று வாரங்கள். பெரும்பாலான நாட்களில் ஓர் ஊரில் கிளம்பி வேறோர் ஊரில் முடிப்பார்கள். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டி, யாருடைய மொத்தம் குறைவோ அவர் வென்றவர். டூரில் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் மேலாடை. மூன்று வாரம் வீடு திரும்பாமல், வீட்டுக்கு எந்தச் சாமானும் வாங்கிவராமல் ஊர் சுற்றுவதற்கு உலகம் கொடுத்திருக்கிற மிகப் பெரிய மரியாதை இது.

இந்தச் சுற்றுக்குள் பெண் எப்படி நுழைந்தாள்? 1924இல் அணிகளுக்கும் அமைப்பாளர்களுக்கும் பணத் தகராறு வந்து முன்னணி வீரர்கள் ஜிரோவுக்கு வரவில்லை. ஆள் குறைந்ததால் தனிநபர்களுக்கும் இடம் கிடைத்தது. அல்ஃபோன்சினா ஸ்ட்ராதா பெயர் கொடுத்தார். பட்டியலில் அது 'அல்ஃபோன்சின்' என்று பதிவாகியிருந்தது. பெண்பாலைக் காட்டும் இறுதி 'ஆ' இல்லை. நன்னூல் நடத்துகிறவளுக்கு இது உடனே கண்ணில் படும். தோன்றல், திரிதல், கெடுதல் என்கிறோமே, இது கெடுதல். பொதுவெளிக்குள் நுழைய ஒரு பெண் தன் பெயரின் கடைசி எழுத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

12 கட்டங்கள், 3,613 கிலோமீட்டர். லாக்விலாவிலிருந்து பெருஜியாவுக்குப் போன நாளில் அவருடைய ஹேண்டில்பார் உடைந்தது. துடைப்பத்தின் மரக்காம்பைச் செருகிக்கொண்டு ஓட்டி முடித்தார். நேரக்கெடு தாண்டிவிட்டதால் போட்டிக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டார். ஆனாலும் கூட்டம் அவரைப் பார்க்கத்தான் வந்தது என்பதால் தொடர்ந்து ஓட்ட அனுமதித்தார்கள். கிளம்பிய 90 பேரில் 30 பேர் மட்டுமே முறைப்படி முடித்த பந்தயத்தில் அவரும் மிலான் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவருக்கு அனுமதி இல்லை. வேடிக்கை பார்க்க வேண்டும், கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற இந்த ஏற்பாடு நம் இலக்கிய மேடைகளைப் பார்த்தவர்களுக்கும் தெரிந்ததுதான்.

உடம்பு தாங்காது என்ற வாதத்துக்கு 1984 முடிவு கட்டியிருக்க வேண்டும். அந்த ஆண்டு நடந்த பெண்கள் டூரில் 18 கட்டங்கள். அமெரிக்கரான மரியன் மார்ட்டின் வென்றார். 1989க்குப் பிறகு அந்த வடிவம் நின்றது. வேறு பெயர்களில் தொடர்ந்த போட்டிகளும் 2009ஓடு முடிந்தன. 2022இல் 'டூர் டி பிரான்ஸ் ஃபாம்' என்று மீண்டும் தொடங்கியபோது கட்டங்கள் எட்டு. முதல் பரிசு 50,000 யூரோ, ஆண்களுக்கு 5,00,000. அதை வென்ற நெதர்லாந்தின் அன்னமிக் ஃபன் ஃப்ளூட்டனுக்கு அப்போது 39 வயது. தொடக்க நாட்களில் வயிற்றுக் கோளாறால் தவித்தவர், கடைசி இரண்டு மலைக் கட்டங்களிலும் முதலில் வந்தார். 18 எட்டானதற்கு இடையில் பெண்ணுடல் சுருங்கிவிடவில்லை. சுருங்கியது பெண்ணுக்காகச் செலவழிக்க இருந்த மனம்.

இந்தப் பந்தயத்தின் சொற்களில் என்னை நிறுத்திய சொல் 'டொமெஸ்டிக்'. பிரெஞ்சில் வீட்டு வேலையாள் என்று பொருள். தலைவருக்கு முன்னால் போய் எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொள்பவர், அணியின் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்து வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பவர், தலைவரின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றித் தருபவர். இந்த வேலைப்பட்டியல் நமக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே அந்த வேலைக்கு ஒரு பெயரும், முதுகில் ஓர் எண்ணும், சம்பளமும் உண்டு. முதன்மைப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பள விதி 2020இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே அதே வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்கிறவளைப் பற்றிக் கேட்டால், "வேலைக்குப் போகல, வீட்ல சும்மாதான் இருக்கா" என்கிறோம். நாள் முழுக்க உழைக்கிறவள் சும்மா இருக்கிறாள். அவளே சும்மா வெளியே கிளம்பினால் குற்றம்.

2024 டூரில் எட்டுக் கட்டங்களின் முடிவில் போலந்தின் காசியா நியெவியாடோமாவுக்கும் டெமி ஃபோலரிங்குக்கும் இடையிலான வித்தியாசம் நான்கு நொடி. ஒரு பெண்ணின் நேரத்தை நொடி பிசகாமல் எண்ணிக் கூட்டிவைத்த அந்தப் பட்டியலை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நீலகிரி மலைச்சாலைகளில் 2008 முதல் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்ற பலநாள் பயணம் நடக்கிறது. ஆர்வலர்களுக்கான அதில் பெண்களும் ஓட்டுகிறார்கள். ஆனால் பெண்ணும் சைக்கிளும் என்றால் தமிழ்நாட்டுக்கு நினைவு வருவது புதுக்கோட்டை. 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் பகுதியாகவே சைக்கிள் கற்றுக்கொடுப்பதைச் சேர்த்தார். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதிய கட்டுரை 1996இல் நூலில் வந்தது. என்சிஇஆர்டியின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூல் வரைக்கும் போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதை அது சொல்கிறது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1992இல் அறிவொளி நடத்திய பொதுக் காட்சிப் போட்டிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். போட்டி! தண்ணீர் எடுக்கவோ சந்தைக்குப் போகவோ இல்லாமல், தான் ஓட்டுவதைப் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஓட்டிய தருணம். பொருளாதாரப் பயனை மட்டும் வைத்து இதை அளக்கக் கூடாது, சுயமரியாதைதான் முக்கியம் என்று சாய்நாத்தும் சொல்கிறார். ஆனால் பிற்பாடு இந்தக் கதையைச் சொன்ன நாம் குடத்தையும் சந்தைக் கூடையையும் வைத்துக்கொண்டோம், போட்டியை விட்டுவிட்டோம். 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிப் பின்னர் விரிவடைந்த இலவச சைக்கிள் திட்டமும் பள்ளிக்கூடம் போய்வருவதற்காகத்தான்.

இதை எழுதும்போது என்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர்த்தெருவில் சைக்கிளை ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று தலித்துகளைக் கட்டுப்படுத்திய ஊர்கள் இந்த மாநிலத்தில் இருந்தன. அங்கே ஒரு பெண்ணுக்கு, 'கலெக்டர் கொடுத்த திட்டம்', 'பள்ளிக்கூடத்துக்குப் போறேன்' என்ற காரணம் ஒரு கேடயம். நான் 'சும்மாதான்' என்று சொல்ல முடிவதற்குப் பின்னால் என் வேலை இருக்கிறது, முனைவர் பட்டம் இருக்கிறது. கேடயம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கேடயத்தைத் தூக்கிக்கொண்டேதான் வாழ்நாள் முழுக்க நடக்க வேண்டும் என்றால், அதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை.

எங்கள் ஊரில் மாணிக்கவாசகருக்குக் கோயில் உண்டு. திருவெம்பாவை அண்ணாமலையில் பாடப்பட்டது என்பது மரபு. மார்கழி இருட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பி, கேலி பேசி, கூட்டமாக நீராடப் போகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதை வகுப்பில் நடத்துகிறேன். நல்ல கணவனும் மழையும் வேண்டுகிற நோன்பு என்ற காரணம் இல்லையென்றால் அந்த இருட்டில் எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று இப்போது கேட்கிறேன்.

சென்ற பருவத்தில் மாணவிகளிடம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஒரு நாள், ஒரு சைக்கிள், எந்த வேலையும் இல்லை, எங்கே போவீர்கள்? பலர் அக்கா வீட்டுக்கு என்றும், அம்மாவுக்கு மாத்திரை வாங்க என்றும் எழுதினார்கள். ஒருத்தி மட்டும், "தெரியல மேடம், யோசிச்சதே இல்ல" என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவளைக் கிரிவலப் பாதைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தம்பி சைக்கிளைக் கொடுத்தால் வருவதாகச் சொன்னாள். அது பிளஸ் ஒன் படிக்கும்போது அவள் பெயருக்கு வந்த சைக்கிள்.