புஞ்சிமெனிக்காவை வாசிக்கும் விதம்

கிளிநொச்சியைக் கடந்து கண்டி வீதியில் பேருந்தில் விரைகின்ற நாம், 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய இதே காட்டு வழியாக, அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரையில், மாட்டுவண்டியொன்றில் தபால் மூட்டைகளின் மேல் படுத்தபடி யாழ்ப்பாணத்துக்கு உத்தியோகம் பார்க்க வந்த ஓர் ஆங்கில இளைஞனை நினைப்பதில்லை. பிற்காலத்தில் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவராக உலகம் அறிந்த லெனாட் வூல்ஃப்தான் அவர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து, நாடு திரும்பி, 1913இல் அவர் வெளியிட்ட ‘காட்டினுள் ஒரு கிராமம்’ என்று பொருள்படும் நாவலை, காட்டை அறிந்த வன்னி வாசகர் எவ்வாறு ரசிக்கலாம் என்பதையே இங்கே சொல்ல விழைகிறேன்.

பெத்தகம என்னும் சிங்களக் கிராமத்தில், சிலிந்து என்ற வேட்டைக்காரனின் இரட்டைப் பெண்களுள் ஒருத்தி புஞ்சிமெனிக்கா. தந்தை சொன்னால் கேட்பாள். கணவன் பபுன் சென்றால் பின்செல்வாள். இழப்பு நேர்ந்தால் எதிர்த்துப் பேசாமல் ஏற்றுக்கொள்வாள். இத்தகைய பாத்திரத்தைக் கண்டதும் ‘பாவம், அவள் விதி’ என்று அநுதாபப்பட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது நம்மவர் வழக்கம். அந்த அநுதாபத்தைச் சற்று ஒத்திவைத்து, அவளுக்கு நேர்ந்தவற்றுள் எது காட்டினால் வந்தது, எது காகிதத்தினால் வந்தது என்று பிரித்துக்கொண்டே வாசியுங்கள்.

சேனை வெட்டுவதற்குப் பேமிற் வேண்டும். அது கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் நம்மூர் விதானையாரைப் போன்ற கிராமத் தலைவன் பபெஹாமியின் கையில் இருக்கிறது. பேமிற் இல்லையேல் பயிர் இல்லை, பயிர் இல்லையேல் கடன், கடனைத் தொடர்ந்து பெர்னாண்டோ என்ற முதலாளி. அவன் கண் புஞ்சிமெனிக்காமேல் விழுந்ததும், தன் மனைவியின் சகோதரனென்றும் பாராமல் பபுன்மேல் தலைவன் சோடிக்கும் திருட்டு வழக்கு. மன்றத்தில் அமர்ந்திருக்கும் வெள்ளைக்கார நீதிபதி நேர்மையற்றவர் அல்லர். சந்தேகம்கூட அவருக்கு உண்டு. ஆயினும் சாட்சியங்கள் ஒழுங்காக இருக்கின்றன, பபுன் சிறைக்குப் போகிறான். தானே அத்தகைய ஆசனத்தில் இருந்து தீர்ப்பளித்த ஒருவர் இந்த அத்தியாயத்தை எழுதினார் என்பதை மறவாதிருந்தால் அதன் கனம் இரட்டிக்கும். பேமிற் காணி என்ற சொல்லைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த வன்னி வாசகருக்கு இப்பகுதியில் உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை.

இனி, அவளுடைய அடக்கத்தினுள் இருக்கும் ஒரே மறுப்பைத் தேடிப் பாருங்கள். முதலாளியிடம் போனால் வயிறு நிறையும், கணவனுக்கும் தீங்கு நேராது. போவதற்குத் தூண்டுவோரும் உண்டு. எல்லாவற்றுக்கும் இணங்கிப் பழகிய அந்தப் பெண் இதற்கு மட்டும் இணங்கவில்லை. ஆசிரியர் இதனைப் பெரிய வீரமாக அலங்கரிக்காமல், அவள் குடிசை வேலைகளோடு வேலையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வேகமாக வாசிப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார். தவறவிட்டால் அவளை வெறும் பணிந்த பெண்ணாகவே கண்டு முடிப்பார்.

தலைவனையும் முதலாளியையும் சுட்டுக்கொன்ற தந்தை சிறையில். தண்டனைக் காலம் முடிந்தும் கணவன் வரவில்லை. நெடுந்தூரம் நடந்து தங்காலைச் சிறைக்குப் போய் விசாரிக்கிறாள். அவன் இறந்துவிட்டான் என்ற செய்தி கிடைக்கிறது. வைதவ்யம் அவளுக்கு ஒரு சடங்காக வரவில்லை, சிறைவாசலில் பிறர் வாய்ச்சொல்லாக வருகிறது. இந்தப் பக்கங்களைத் தயவுசெய்து ஒரே இருப்பில் வாசிக்காதீர்கள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்ட தம்மவர் எங்கே என்று கேட்டு அமர்ந்த தாய்மாரையும் மனைவிமாரையும் கண்ட நமக்கு, அவள் பெற்ற அந்தக் கொடிய பதில்கூடக் கிடைக்காதவர்களின் முகங்கள் வரிகளினூடே தோன்றாமற் போகா.

1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதனைத் திரைப்படமாக்கினார். நல்ல படம், எனினும் நாவலை முந்தி வாசித்துவிடுங்கள், ஏனெனில் அவளுடைய மௌனம் எழுத்தில் இருக்கும் நீளத்துக்குத் திரையில் இருக்க இயலாது.

கடைசிப் பக்கங்களில் வீடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகி, காடு வேலிகளைத் தாண்டி, முற்றங்களைத் தாண்டி வருகிறது. தனித்துப்போன அவளுடைய குடிசைக்குள் இறுதியில் ஒரு பெரிய காட்டுப்பன்றி நுழைகிறது. சிறுவயதில் தந்தை சொன்ன காட்டுப் பேயே வந்துவிட்டதென்று கலங்கி, அவள் அந்தத் தந்தையையே கூவி அழைக்கிறாள். இதனை வாசித்த கையோடு, கிராமத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் காட்டையே நெடுக வர்ணிக்கும் முதலத்தியாயத்துக்குத் திரும்புங்கள். முதன்முறை சலிப்பூட்டிய அந்த வர்ணனையில் இப்போது ஒரு சொல்லும் மிகையாகத் தோன்றாது. எனக்கோ அந்த இடத்தில் புத்தகம் மங்கிவிடுகிறது. 2010இல் இடப்பெயர்வு முடிந்து எங்கள் வளவுக்குத் திரும்பியபோது, கூரையற்ற அடுப்படியில், அடுப்புக் கற்களுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பாலைக் கன்று நின்றது. கத்தியோடு வந்த அம்மா அதை வெட்டாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.